சத்தமில்லாமல் திருத்திய பெட்டி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டைப் போல நாளை நாளை என்று காலத்தைக் கடத்தியவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் கிரேன் திருத்தியவர். அவர் கைபட்டு ஓடாத மெஷின் இல்லையென்று கூட வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். வீட்டில் மட்டும், மேபல் சீதனத்தோடு கொண்டுவந்த பாட்டுப்பெட்டி அலுமாரிக்கு மேலே ஊமையாகக் கிடந்தது. சாவி கொடுத்தால் தானாகப் பாடவேண்டிய மரப்பெட்டி அது; கலியாணத்துக்கு முன்பே நின்றுபோனது. மேபல் கேட்கும்போதெல்லாம் பென்ஷன் எடுத்த பிறகு பார்க்கலாம் என்பார். பென்ஷன் எடுத்து ஆறு வருஷம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டார். அதற்குள் மேபல் செத்துப்போனாள்.

அப்போதுதான் மனிசனுக்கு உறைத்தது. அடக்கம் முடிந்த ஏழாம் நாள் பெட்டியை இறக்கி மேசையில் வைத்தார். மெல்பனில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பாள். மற்ற ஆறு நாளும் அவருக்கு அந்தப் பெட்டிதான் துணை.

ஆனால் அவர்களுடைய வழக்கப்படி செத்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது. ரேடியோவையே துணியால் மூடிவைத்தவர் பாட்டுப்பெட்டியை எப்படிப் பாடவிடுவார்? சத்தமில்லாமலே திருத்தினார். பிசினாகிப்போன பழைய எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவினார். புறக்கோட்டையில் கடிகாரம் திருத்தும் ஒருவரிடம் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டார். உருளையில் இருக்கும் முட்கள் எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டினால்தான் பாட்டு வரும். அவர் சீப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உருளையைச் சுழலவிட்டு, வேகத்தை அடக்கும் சின்னக் காற்றாடியைக் கண்ணால் பார்த்தே உத்தேசமாகச் சரிசெய்தார்.

தேவாலயத்தில் மேபலின் வருஷப் பூசை முடிந்து, வந்த நாலு பேரும் சாப்பிட்டுப் போன பிறகு, சீப்பைத் திரும்ப மாட்டிச் சாவி கொடுத்தார். பெட்டி பாடியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இது சரியா, பிழையா? அந்தப் பாட்டை அவர் முன்பின் கேட்டதில்லை. சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் காலையில் பூசை வைத்துவிட்டு வந்திருக்கிறார். தான் எவ்வளவு தனியாகிப் போனோம் என்பது ஒரு வருஷம் கழித்து அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு முழுதாக விளங்கியது.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமாகக் குடியிருக்கும் பைறோஸா வாசலில் வந்து நின்றாள்.

"இது மேபல் ஆன்ட்டிட பாட்டுதானே, அங்கிள். இன்னும் கொஞ்சம் வேகமா ஈக்கோணும்."

ஹியூபேட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழை எங்கே என்பதும் பிடிபட்டது. சீப்பில்லாமல் வைத்த வேகம் அது. சீப்பின் சுமை ஏறியதும் பெட்டி இழுத்திழுத்துப் பாடியிருக்கிறது. பைறோஸாவை முணுமுணுத்துக் காட்டச் சொல்லி, காற்றாடியின் இறகைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். மூன்றாம் முறை பெட்டியும் அவளும் ஒன்றாக முடித்தார்கள். சரி என்று தலையாட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டிக்கு இன்னொரு முறை சாவி கொடுத்தார்.

"மேபல் எப்ப இதைப் பாடினவ? நான் ஒரு நாளும் கேட்கேல்லையே."

பைறோஸா தயங்கினாள். "நீங்க வேலைக்குப் போன பொறகுதான் பாடுவாங்க. உங்கட காதில விழுந்தா, பெட்டியத் திருத்தித் தரல்லண்டு குத்திக் காட்டுற மாதிரி ஈக்குமாம்."

"நான் பென்ஷன் எடுத்த பிறகு?"

"அதுக்குப் பொறகு பாடல்ல, அங்கிள்."

ஸ்பிரிங் தீரும்வரை பெட்டி பாடியது. ஹியூபேட்டுக்கு அதை நிறுத்தவும் மனம் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.