ரவுண்டானாவில் சவரிராயன் அத்தான்

எங்கள் ஊர் ரவுண்டானாவின் நடுவே ஒரு கருந்துளை இருக்கிறது. அது தானும் கடிகாரச் சுற்றில் சுழல்வதால் போக்குவரத்துக்குச் சௌகரியம். அதனுடன் சேர்ந்து சுற்றுகிறவர்கள் வெகு அருகில் போய்க்கூடத் திரும்பிவிடலாம். எதிர்த்து வருகிறவர்களைத் தூரத்திலேயே இழுத்துக்கொள்ளும். அதில் சிக்கிய தகரம், செருப்பு, தக்காளி எல்லாம் ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, தட்டாக விரிந்து ஒளிரும். அந்தப் பக்கம் தெருவிளக்கு போடுவதில்லை.

என் அக்காள் ஜெசிந்தாவின் கணவர் சவரிராயன் அத்தான், புதுக் கிரைண்டரை மொபெட்டில் கட்டிக்கொண்டு, குறுக்குவழி என்று எதிர்ப்பக்கமாக நுழைந்துவிட்டார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது உள்வட்டத்தை நெருங்கியிருந்தார். வண்டியின் முகம் எதிர்த்திசையில் இருந்தது. வண்டியோ மற்ற வண்டிகளோடு சேர்ந்து பின்பக்கமாகச் சுற்றியது.

“ரிவர்ஸ்லயா போறீங்க?” என்று அக்காள் கத்தினாள்.

அங்கே நேரம் மெதுவாக ஓடும். பதில் வருவதற்குள் அவள் அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு, மறுபடி அழத் தொடங்கியிருந்தாள்.

“நான் நேராத்தான் போறேன். ரோடுதான் பின்னால போகுது!”

வெளியே வர ஒரு வழி உண்டு. கையிலிருப்பதைச் சுழற்சிக்கு எதிராக உள்ளே எறிய வேண்டும். எறிந்தது விழும், எறிந்தவர் வந்ததைவிட வேகமாக வெளியேறுவார்.

“கிரைண்டரைத் தூக்கி உள்ள போடுங்க!”

“நீ ஆசப்பட்டுக் கேட்டதாச்சே, ஜெசி!”

“எனக்கு நீங்கதான் வேணும். மாவு கடையில வாங்கிக்கலாம்!”

அக்காள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒரு முழுச் சுற்று அவளையே பார்த்துக்கொண்டு போனார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

கிரைண்டர் நூலாக நீண்டு, சிவந்து, மங்கியது. அத்தான் மொபெட்டோடு எங்கள் தலைக்கு மேலே பறந்து மீன் சந்தைக் கூரையில் இறங்கினார். ஏணி வைத்து இறக்கினோம். அக்காள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் இலை முன் அமர்ந்ததும் உப்புக் கிண்ணம் மெல்ல எழுந்து அவரை வலம் வந்தது. பின்னாலேயே அப்பளம், அதன் பின்னால் ரசச் சொம்பு. அக்காள் சொம்பு தன் பக்கம் வரும்வரை காத்திருந்து ஊற்றிக்கொண்டாள்.

“அடுத்த சுத்துல எனக்கு” என்று நான் இலையைச் சற்று முன்னே நகர்த்தினேன்.