இகுவானாவின் வயிற்றில் என் மண்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான்.

இந்தப் பங்குனி, 2004. கோவில்பட்டியில் என் பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி ஒரு இகுவானா வளர்க்கிறாள். (தெரியாதவர்களுக்கு: முழ நீளத்துக்கு ஒரு பச்சை ஓணான், இலைதழைதான் தின்னும்.) துபாய்க்குப் போகுமுன் கணவன் சென்னையில் வாங்கித் தந்தது. அவன் போன் குறைந்துபோனபின் வீட்டில் அவள் பேசுவது அதனோடு மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: “கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கரிசல் வாய்பிளந்து வானத்தை…”

வேண்டாம். இப்படி எழுதி எழுதித்தான் வினையே வந்தது.

பெட்டிக்குள் கீழே என்ன பரப்பலாம் என்று கேட்டாள். மரத்தூள் மூக்கில் ஏறும், கழிவுக்குச்சியில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருக்கும் என்று அவளே தள்ளிவிட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள், தெரியாதா? நான் கரிசல் மண்ணைச் சொன்னேன். இருபது வருடமாக அதையே புகழ்ந்து எழுதுகிறவன் வேறென்ன சொல்வான்? இடைசெவலில் எங்கள் புஞ்சையிலிருந்து நானே ஒரு சாக்கு அள்ளிவந்தேன்.

3

கீரையோடு மண்ணையும் சேர்த்துத் தின்றது. வயிறு கல்லாகிவிட்டது. அவள் வேலையில் இருந்ததால் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே மண் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்னார். இனிமேல் பழைய பேப்பர்தான் விரிக்க வேண்டுமாம், இன்னொரு தடவை மண் தின்றால் பிழைக்காதாம்.

அவளிடம் வெறும் உடம்புச் சூடு என்று சொன்னேன். கழுவ வேண்டும் என்று சொல்லிப் பெட்டியைக் காலி செய்தேன். தான் போட்ட முருங்கைக்கீரையால்தான் இப்படி ஆனது என்று அவள் அழுதாள். நான் மறுக்கவில்லை. மண்ணை எழுதிப் பேர் வாங்கியவனுக்கு அந்தப் பேர் போய்விடுமோ என்று பயம். கேவலமான பயம்தான்.

[ஒரு வரைவில் பழியைக் கழிவுக்குச்சி மேல் போட்டுப் பார்த்தேன். கதை நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.]

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்து…

முடிவு இரண்டு: பேப்பர்தான் இப்போது எல்லோரும் விரிக்கிறார்கள் என்று இன்னொரு பொய். அதுவும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

எழுதி அலுத்துவிட்டது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். பத்து நாள் தண்ணீரில் உட்காரவைத்ததில் வயிறு இளகியது. நேற்றுச் சாயங்காலம் அவள் காலிச் சாக்கோடு வந்தாள்.

“அண்ணாச்சி, வெறுங்கண்ணாடியில அதுக்குக் கால் வழுக்குது. அந்த மண்ணே இன்னொரு சாக்கு கொண்டாந்து தருதீங்களா? கீரை போடுறத நான் நிப்பாட்டிட்டேன்.”

நான் சாக்கை வாங்கிக்கொண்டேன்.

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அது பட்டினி கிடக்கிறது.