முத்தட்டும் என்று விட்ட வேர்

இனோசி வாயால் கெட்டவன். படகு எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் விட்டது அண்ணன் நெமானிதான் என்று ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நெமானி மனைவியைக் கூட்டிக்கொண்டு, விரிகுடாவுக்கு அக்கரையில் இருந்த அவள் ஊருக்கே குடிபோய்விட்டான். எஞ்சின் மூடியைத் திருக மறந்தது தன் கைதான் என்று இனோசிக்குப் பிறகுதான் உறைத்தது.

கடாவு தீவில் மன்னிப்பு கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகமாட்டான். யங்கோனாச் செடியை வேரோடு கொண்டுபோய் எதிராளியின் முன்னால் வைப்பான். அதை இடித்துக் கரைத்து இருவரும் குடித்தால் பகை தீர்ந்தது. கடையில் விற்கும் வேரைக் கொண்டுபோக இனோசிக்கு மனம் ஒப்பவில்லை. மலைச்சரிவில் தானே ஒரு செடி நட்டான்.

இளவேரில் சத்து இராது. கரைத்துக் குடித்தால் வெறும் சேற்றுத்தண்ணீர். மூன்று வருஷமாவது மண்ணில் கிடந்தால்தான் நாக்கு மரத்துப்போகும், உடம்புவலி இறங்கும், தூக்கம் சொக்கும். மூன்று வருஷமும் ஆயிற்று. மனைவி வசிதி கடப்பாரையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"இன்னும் முத்தட்டும்டி. நான் பண்ணின காரியத்துக்கு இதெல்லாம் பத்தாது."

"வேரு முத்துதோ இல்லியோ, உன் வீம்பு நல்லா முத்திப்போச்சு. போய்யா, போய் அண்ணனைப் பாரு."

போகவில்லை. அக்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்களிடம் நெமானி கேட்டனுப்பினான்: "என்ன, என் தம்பியோட செடி இன்னும் பால்குடி மறக்கலியா?"

இனோசி விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் கேலி பேசுகிறான் என்றால் கோபம் ஆறிவிட்டது, பிறகென்ன அவசரம்? அங்கேதான் அவன் புத்தி மழுங்கியது. புயல் வந்தால் செடிக்கு முட்டுக் கொடுத்தான், மழை வந்தால் வாய்க்கால் வெட்டினான். வருஷங்கள் ஓடின. அக்கரைக்கு மட்டும் படகைத் தள்ளவில்லை.

ஒரு காலை அக்கரைப் படகு மீன் இல்லாமல் வந்தது. நெமானி வலை இழுக்கும்போதே நெஞ்சடைத்துப் போய்விட்டான்.

இனோசி அன்றுதான் செடியைப் பிடுங்கினான். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மன்னிப்புக்கு வளர்த்ததைத் துக்கத்துக்குக் கொண்டுபோனான். அங்கே இடித்துக் கரைத்தார்கள். முதல் சிரட்டையைக் குடித்த பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அடேயப்பா! இப்படி ஒரு வேரு நம்ம கரையில வந்ததில்லைய்யா. யாரு வளர்த்தது?"

எல்லாரும் இனோசியைப் பார்த்தார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணி மகெரெதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்காகத்தான் அண்ணி வளர்த்தேன். நல்லா முத்தினதா..."

"தெரியும்ப்பா. அவருக்கும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா பாயை விரிச்சுப்போட்டு, ரெண்டு சிரட்டை கழுவி வச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. 'இன்னிக்கு வந்துருவான்'னு சொல்லுவாரு. இருட்டினப்புறம் கடையில வாங்கின வேர்த்தூளைக் கரைச்சுத் தனியாக் குடிப்பாரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சும்மா வந்திருக்கலாமேப்பா. வேருதான் எங்க வீட்டுல இருந்துச்சே."

சுற்றி வந்த சிரட்டை இனோசியின் முன் நீண்டது. அவன் வாங்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதான்.