செம்பருத்திக்கு இரண்டாவது கோட்டிங்

வலது தோள் தலைக்கு மேல் ஏறவில்லை. சட்டைக்குள் கையை நுழைக்கவே என் மனைவி பொன்னி பிடித்துவிட வேண்டியிருந்தது. ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூரில் நனையாத சீலிங் இல்லை. நான்கு மாதம் அண்ணாந்தே பெயிண்ட் அடித்ததில் தோள் போய்விட்டது. இனி சீலிங் வேலைக்கு ஏறினால் கை மொத்தமாகப் போகும் என்றார் டாக்டர்.

ஐந்தடிக் காம்பவுண்டுச் சுவரில் பூவும் ஆளும் வரைந்தால் கையைத் தூக்க வேண்டாம். ஞாயிறுதோறும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மேல வீதியில் ஒரு மாடியில் காயத்ரி என்ற பெண் ஓவிய வகுப்பு எடுத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று, எனக்கு நாற்பத்து நான்கு.

முதல் செம்பருத்தியை வரைந்து, காயவைத்து, இரண்டாவது கோட்டிங் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

“என்னா சார், பூவுக்கு எமல்ஷன் அடிச்ச மாரி இருக்கு?”

“ஒரு கோட்டிங்ல எங்க கவர் ஆவுதும்மா?”

“ஆவ வேணாம். ஒரே இழுப்பு. உட்ட எடம் உட்டதாவே இருக்கட்டும்.”

இருபது வருடமாக விட்ட இடத்துக்காகவே மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவன் நான். கை தானாகப் போய் இடைவெளியை அடைத்தது. ஆறாவது வாரம்தான் ஓர் இதழ் என் கைக்குத் தப்பி வெள்ளையோடு நின்றது. அந்தத் தாளைக் கசக்காமல், பஸ் நெரிசலில் நின்றபடியே கடலூர் முதுநகரில் என் வீடு வரை கொண்டுவந்தேன்.

முதுநகரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை ஆரோக்கியம்மாள், “கேட்டுப் பக்கத்துல ஒரு சதுரம் போட்டுக் காட்டுங்க. பதினோரு மணிக்கு வந்து பாக்குறேன். புடிச்சா சுவர் பூரா ஒங்களுக்கு. இல்லன்னா பிளெக்ஸ் அடிச்சுக்கறோம்” என்றார்.

ஒன்பதரைக்கே முடித்தேன். நான்கு செம்பருத்தி, பாதி ஓடி நின்ற இலைகள். நன்றாகவே வந்திருந்தது. டீ குடிக்கப் போனேன். துணைக்கு வந்திருந்த மச்சான் கலியமூர்த்தி, பொன்னியின் தம்பி, அவனும் பெயிண்டர்தான். நான் திரும்பியபோது பிரஷ்ஷோடு நின்றான். ஒழுகிய சொட்டுகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளியையெல்லாம் அடைத்து, இதழ் ஓரம் முழுக்க நூல் பிடித்தாற்போல் கோடு இழுத்திருந்தான்.

“மாமா, தோள் வலில ஏகப்பட்ட எடம் உட்டுட்ட. டச்சப் பண்ணிட்டேன்.”

“டேய், உட்டதுதாண்டா வேலையே!”

“அது எப்புடி வேலை? உட்டா கூலியப் புடிப்பானுவோ.”

திட்ட நேரமில்லை. மணி பத்தே கால். அவனையே சதுரத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேன். அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வெயில் கால் மணியில் காயவைத்தது.

இருக்கிற நேரத்துக்குச் சின்ன பிரஷ் உதவாது. நாலு அங்குல பிரஷ்ஷை எடுத்து இடுப்பளவில் வீசினேன். சிவப்பு ஓடியது, வெளுத்தது, நின்றது. வலியே தெரியவில்லை. படத்தில் ஒரு ஆளும் வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு மணல் சட்டி சுமந்து போன தங்கம்மாளைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ரெண்டு நிமிசம் அப்புடியே நில்லு.”

“தலையில பாரம்யா! உங்கப்பனா வந்து சொமப்பான்?”

திட்டிக்கொண்டே நின்றாள். கழுத்து, ஒடிந்த இடுப்பு, சட்டியைப் பிடித்த கை. ஐந்தே இழுப்பு. கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விரல் அரிப்பது முகத்தில் தெரிந்தது.

பதினோரு மணிக்கு ஆரோக்கியம்மாள் வந்தார். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார்.

“நடக்குற மாரியே இருக்கே. சுவர் பூராவும் போடுங்க.”

கலியமூர்த்தி விசிலடித்தான். பள்ளிக்கூடம் என்று பிறகுதான் நினைவு வந்து வாயைப் பொத்தினான்.

தங்கம்மாள் சட்டியை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள்.

“மூஞ்சி எங்க?”

“இந்த மாரிப் படத்துக்கு மூஞ்சி வேணாங்கா.”

“சொமந்தது நானு, மூஞ்சி மட்டும் வேணாமா? தனியா ஒண்ணு வரைஞ்சு குடு. மூக்குத்தியோட.”

சரியென்றேன். அந்தச் சுவர் முடிந்தது, அடுத்த பள்ளியின் சுவரும் முடிந்தது. தங்கம்மாளுக்கு மூக்குத்தியோடு ஒரு முகம் இன்னும் பாக்கி.