நிறம் மாறவில்லை

முழங்கால் இரண்டும் எரிந்தன. ஆய்வுகூட வாசலில் சீமெந்து பெயர்ந்து வருடக்கணக்காகிறது. மிச்சம் கல்லும் மணலும்தான். அதில் முட்டி போட்டால் முதலில் எரியும், பிறகு விறைக்கும், விறைப்பு விட்டதும் எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். நிரஞ்சலாவுக்கு இப்போது திரும்பி வந்திருந்தது.

அவள் செய்த குற்றம் இரண்டே சொல். செயன்முறைக் கொப்பியில், அவதானம் என்ற தலைப்பின் கீழ், "நிறம் மாறவில்லை" என்று எழுதிவிட்டாள்.

பரிசோதனை தரம் பத்துப் புத்தகத்தில் உள்ளதுதான். இலையை அவித்து, பச்சையம் போகக் கழுவி, அதன்மேல் அயடீன் விட வேண்டும். இலையில் மாப்பொருள் இருந்தால் கருநீலமாக மாறும். யோகநாதன் சேர் அயடீன் போத்தலைச் சுவர்த் தட்டிலிருந்து பயபக்தியோடு இறக்கி, ஒவ்வொரு மேசைக்கும் சில துளி விட்டார். யாருடைய இலையும் மாறவில்லை. வெந்த கீரைமேல் அழுக்குத் தண்ணீர் பட்டதுபோல் கிடந்தது. சேர் கரும்பலகையில் "கருநீலமாக மாறியது" என்று எழுதினார். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதியது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்த அஜந்தன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"என்ன விஞ்ஞானி, சாமி கும்பிட்டு முடியலையா?"

"ஒன் இலை மாறுச்சாடா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்டா மாறுச்சுன்னு எழுதுன?"

"போர்டுல இருந்துச்சு. எழுதுனேன். ஒனக்கு முட்டி வலிக்குது, எனக்கு வலிக்கல. யாரு கெட்டிக்காரங்க?"

பின்னாலேயே சேர் வந்தார். "நாளைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. வகுப்புக்கு முன்னால மன்னிப்புக் கேட்டு, சரியானத எழுதுற வரைக்கும் ஒனக்குச் செயன்முறைக்குப் பூச்சியம்தான். பூச்சியத்த வச்சுக்கிட்டுப் பதுளைக்கு எப்பிடிப் படிக்கப் போறேன்னு நானும் பாக்குறேன்."

நமுனுகுல மலையடியில் இருக்கும் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குமேல் விஞ்ஞானம் கிடையாது. படிக்க வேண்டுமென்றால் பதுளை நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே வாசலில் முதலில் கேட்பது சேருடைய சிபாரிசும் இந்தப் புள்ளியும்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை நுழைய ஒரே ஒரு கதவு. அதன் சாவி இந்த மனிதரின் சட்டைப் பையில்.

மறுநாள் பெரியாயி மகளோடு வந்தாள். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால்தான் அன்றைய கூலி. பிந்திப் போனால் கங்காணி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். பள்ளிக்கூடமோ பெரட்டு முடிந்த பிறகுதான் திறக்கும். ஆக ஒரு நாள் பேர் போச்சு, கூலியும் போச்சு. அதைப் பற்றி அதிபரும் கேட்கவில்லை, சேரும் கேட்கவில்லை. கதிரை இருந்தது, உட்காரச் சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"ஒங்க புள்ள பொய் எழுதுது," என்றார் சேர்.

"என்னங்க சேர் எழுதுச்சு?"

"நடக்கலேன்னு எழுதியிருக்கு."

"நடந்துச்சுங்களா?"

சேர் தொண்டையைச் செருமினார். "நடக்கணும். புத்தகத்துல இருக்கு."

பெரியாயிக்கு அது விளங்கவில்லை. விளங்கும்படி சொல்லவும் இல்லை. குனிந்து, "சரிங்க சேர், சொல்லி வைக்கிறேங்க," என்றாள். வெளியே வந்து படி இறங்கியதும் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நீலமோ கறுப்போ, எழுதிக் குடுத்துத் தொலையேன்டி. இன்னக்கிப் பேர் போச்சே, அத யாரு தருவா? ஒன் சேரா?"

"மாறலம்மா. சத்தியமா மாறல."

"மாறாததுக்கு நான் என்னடி பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு, பெரியாயி கூடையில்லாத முதுகை நெளித்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

நிரஞ்சலாவுக்கு அடிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா குனிந்ததுதான் வலித்தது. பார்த்ததை எழுதியவள் பொய்க்காரி. பார்க்காததை எழுதிய வகுப்பே நல்ல பிள்ளைகள். இதற்குப் பெயர் விஞ்ஞான பாடம்.

அன்று முழுக்க அவள் அதையே உருட்டினாள். இலை ஏன் மாறவில்லை? இலையில் மாப்பொருள் இல்லாமல் இருக்கலாம். அவித்தது சரியில்லாமல் இருக்கலாம். அல்லது போத்தல் சரியில்லை. மூன்றையும் சேர்த்துப் பிசைந்தால் ஒன்றும் பிடிபடாது; ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லயத்தில் மின்விளக்கு எரியாவிட்டால் பல்பைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் மாட்டிப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

றின்ஸாவைப் பிடித்தாள். றின்ஸாவின் வாப்பா கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கிற முறையும் அந்த வாரம் றின்ஸாவுடையதுதான்.

"காயத்துக்குப் போடுற அயடீன் ஒரு சின்னப் போத்தல் கொண்டு வாடி. ஆய்வுகூடத்துப் போத்தல்லயிருந்தும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வா."

"மாட்டுனா?"

"மாட்டுனா என் பக்கத்துல வந்து முட்டி போடு. எடம் இருக்கு."

பகல் உணவு இடைவேளையில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருவரும் குந்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்து இரண்டு சோடா மூடிகளில் நசுக்கினாள் நிரஞ்சலா. சோற்றில் மாப்பொருள் இருக்கிறது என்பதில் எந்தச் சேருக்கும் சந்தேகம் வராது. அவிக்கிற வேலையும் கிடையாது. இலையும் அவித்தலும் கணக்கிலிருந்து கழன்றன.

கடை அயடீன் பட்டதும் சோறு மை கொட்டியதுபோல் கறுத்தது. ஓரத்தில் நீலம் மினுங்கியது. இருவரும் மூச்சு விட மறந்து பார்த்தார்கள். புத்தகத்தில் எத்தனையோ முறை மனப்பாடம் செய்த கருநீலம். கண்ணால் காண்பது இதுதான் முதல் தடவை.

ஆய்வுகூடத்து அயடீன் பட்ட சோறு, சோறாகவே கிடந்தது.

"சேர் பழசுன்னு சொல்லுவாரு. சக்தி போயிருச்சுன்னு சொல்லுவாரு," என்றாள் றின்ஸா. பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். "அடியேய், இது எங்க கடையில வாப்பா குடிச்சிட்டு வைக்கிற தேத்தண்ணி மாதிரி மணக்குது!"

நிரஞ்சலா எழுந்தே விட்டாள். பாலில்லாத பிளேன்டீக்குள் தேசிக்காய் என்கிற எலுமிச்சையைப் பிழிந்தால் நிறம் வெளிறும், தோட்டத்தில் இது தெரியாத குழந்தை இல்லை. மறுநாள் தேசிக்காயோடு வந்து பிழிந்தாள். ஆய்வுகூடத்துப் போத்தல் தண்ணீர் கண் முன்னால் வெளிறியது.

"பிளேன்டீ! பிளேன்டீதான்டி! வா, இப்பவே அவரு மூஞ்சியில..."

"இரு," என்று பாவாடையைப் பிடித்து இழுத்தாள் றின்ஸா. "கடை அயடீனுக்குப் பிழிஞ்சு பாத்தியா?"

"அதுக்கு எதுக்கு?"

"பாரேன்."

பிழிந்தாள். அயடீன் வெளிறியது. வெளிறியது என்ன, தண்ணீர்போல் நிறமே இல்லாமல் போனது.

நிரஞ்சலா போத்தலைக் கீழே வைத்தாள். இதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் சேர் சிரித்துக்கொண்டே அயடீனுக்கும் தேசிக்காய் பிழிந்து காட்டியிருப்பார். பூச்சியம் கல்லில் வெட்டினதுபோல் நின்றிருக்கும். ஆத்திரம் சரி; ஆத்திரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தது பிழை. வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதியது, அவள் தன் ஆத்திரத்தைப் பார்த்து எழுதப் பார்த்தாள். வித்தியாசம் என்ன?

"நல்லவேளடி," என்றாள்.

"எனக்கொரு வடை வாங்கிக் குடு," என்றாள் றின்ஸா.

தேயிலைச் சாயத்தில் ஒரு மாற்றம் காட்டி, அயடீனில் அதைக் காட்டாதது ஒன்று வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தேடினாள். கிடைத்தது அடுப்பங்கரையில். அம்மா கொழுந்து பறிக்கிற மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற தகரப் போணியின் அடி துருப்பிடித்த நாளிலிருந்து, மத்தியானத்துக்குள் தேத்தண்ணி கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறதென்று அம்மா ஏசிக்கொண்டுதான் இருக்கிறாள். நிரஞ்சலா லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து துருப்பிடித்த ஆணிகள் சிலதைப் பிடுங்கினாள்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஆய்வுகூடத்துத் தண்ணீர், கடை அயடீன், வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளேன்டீ. மூன்றையும் இரண்டிரண்டாக மருந்துப் போத்தல்களில் ஊற்றினார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு ஆணி, மற்றதுக்கு ஆணி இல்லை. காலை மணியோடு வைத்ததை மத்தியானம் எடுத்தார்கள். ஆணி போட்ட பிளேன்டீ கறுத்திருந்தது. ஆணி போட்ட அயடீன் கொஞ்சம் மங்கியிருந்தது, கறுக்கவில்லை. ஆணி போட்ட ஆய்வுகூடத்துத் தண்ணீர் அம்மாவின் போணிபோல் கரிக்கட்டையாயிருந்தது. ஆணி போடாதவை மூன்றும் வைத்தபடியே.

விஞ்ஞான பாடம் தொடங்கியதும் நிரஞ்சலா எழுந்து போத்தல்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று வகுப்பு நினைத்தது. அவள் முதலில் சோற்றை நசுக்கிக் காட்டினாள். கருநீலம் வந்ததும் பின்வரிசையிலிருந்து "அம்மாடியோவ்" என்று ஒரு சத்தம். பிறகு தேசிக்காய், அது ஏன் ஆகாது என்பது, கடைசியில் ஆணி. தான் பிழைவிட இருந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"யாரு ஒன்ன இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றார் சேர். "பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்லங்க சேர். போத்தல்ல அயடீனும் இல்லீங்க."

அஜந்தன் சிரித்துவிட்டான். சேர் பிரம்பை எடுத்தார். எடுத்த கை மேசைவரை வந்து நின்றுவிட்டது. அவர் கண் அந்தக் கருநீலச் சோற்றில் இருந்தது.

"போத்தல் மட்டும்தான் வந்துச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "ஆய்வுகூடத் திறப்பு விழாவுக்கு முதல்நாள் வரைக்கும் உள்ளுக்குப் போட ஒண்ணும் வரல. காலியா இருந்தா அசிங்கம், நிரப்பி வைன்னாங்க. பூஞ்சணம் பிடிக்கப் பிடிக்கத் தேத்தண்ணிய மாத்தி ஊத்துறேன். நான் என்ன செய்ய? நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். நானும் போர்டப் பாத்துத்தான் கருநீலம்னு எழுதினேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்ட மனிதர் முட்டி போட வைத்தது உண்மை. பாவப்பட்ட மனிதர் அம்மாவை வரவழைத்துக் குனிய வைத்ததும் உண்மை. தன் தலையில் விழுந்த பொய்யை எடுத்து அடுத்த பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, பாரம் தாங்கவில்லை என்று சொன்னால் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"அப்ப அந்த நீலப் போத்தல்?" என்று கேட்டான் அஜந்தன். எழுதிவிட்டுப் போவதே கெட்டிக்காரத்தனம் என்று சொன்ன அதே அஜந்தன்.

வகுப்பு முழுவதும் தலையைத் தூக்கித் தட்டைப் பார்த்தது. செப்பு சல்பேற்று என்று பெயர் ஒட்டிய நீலம். அதற்குப் பக்கத்தில் ஒரு ஊதா. வரிசை வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள்.

"அது சட்டைக்குப் போடுற நீலமாயிருக்கும்," என்றது ஒரு குரல்.

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு துணிய முக்கிப் பாக்கலாம்."

"நெசச் செப்பு சல்பேற்றும் துணியில ஒட்டுமே, என்ன செய்வ? ரெண்டையும் வச்சுப் பாக்கணும்டா," என்றாள் றின்ஸா.

இத்தனை காலமும் கரும்பலகையைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள் சந்தை மாதிரிச் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் அதிபர் ஓடி வந்தார். விசயத்தைக் கேட்டார். கேட்டதும் அயடீன் என்று எழுதிய போத்தலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார், குழாயைத் திறந்துவிட்டார். பிறகு நிரஞ்சலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பூச்சியத்த எடுத்தாச்சு. முழுப் புள்ளி போடச் சொல்றேன். பதுளைக்குச் சிபாரிசும் தாரேன். வெளியில கதைக்காத, பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுரும். சரியா?"

"புள்ளி எனக்குச் சேர வேண்டியதுங்க சேர். கதைக்காம இருக்கச் சம்பளமாத் தர வேணாம்."

அதிபருக்கு முகம் சுண்டியது. "வேற என்ன வேணும் ஒனக்கு?"

"அம்மாவுக்கு அன்னக்கிப் பேர் போச்சுங்க. அதோட, எங்கம்மாகிட்ட நான் பொய் எழுதுறேன்னு யோகநாதன் சேர் சொன்னாரு. அது பிழைன்னு சொல்லணும்."

அதிபர் சிரித்தார். "இதெல்லாம் ஒரு கதையா? வகுப்புக்குப் போ."

புள்ளி வந்தது. சிபாரிசும் வந்தது, கொஞ்சம் கசங்கி. ஆய்வுகூடத்துக்குப் புதுப் பூட்டும் வந்தது. போத்தல்களுக்குள் போட இன்னும் ஒன்றும் வரவில்லை. தரம் பத்துப் பிள்ளைகள் குழாய்க்குப் பின்னால் சோடா மூடிகளோடு குந்துகிறார்கள், யாராவது "மாறுச்சு" என்றால், "எதோட வச்சுப் பாத்த?" என்று அடுத்தவர் கேட்கிறார்.

லயத்துக்கு யாரும் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் பெரியாயிக்கு ஒரு நாள் பேரும், ஒரு மன்னிப்பும் கடன். இன்னும் கொடுக்கவில்லை.