முந்திப்போன சில்லு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புங்குடுதீவுப் பாலத்தில், தில்லைநாதனின் லொறியை அவருடைய சொந்தப் பின்சில்லே கழன்று உருண்டு முந்திக்கொண்டு போனது. யாரோ அவசரக்காரன் என்று நினைத்து அவரும் ஒதுங்கி இடம் கொடுத்தார். ஹோர்ன் அடிக்காமல் முந்தியதுதான் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. அதன் பிறகே லொறி ஒருபக்கமாகக் குந்தியது.

வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மன் கோயிலில் அவர்கள் குடும்பத்து உபயத் திருவிழா. அன்னதானத்துக்குச் சமைக்கிற பெரிய கிடாரங்களையும் அரிசி மூட்டைகளையும் குறிகட்டுவான் இறங்குதுறைவரை ஏற்றிப்போவது பன்னிரண்டு வருடமாகத் தில்லைநாதனின் லொறி. அந்த வேலை தன் உழவு மெசினுக்குக் கிடைக்காதா என்று பன்னிரண்டு வருடமாகக் காத்திருப்பவர் தயாபரன், மனைவி அம்பிகையின் தம்பி. வியாழன் பின்னேரத்துக்குள் லொறி சரிவராவிட்டால் கிடாரங்கள் தம்பியோடுதான் போகும் என்று அம்பிகை சொல்லியும் விட்டாள்.

ஒரு கிழமையாக நட்டுகள் கழன்றுகொண்டே இருந்தன. மூன்றுதரம் இறுக்கிப் பார்த்தார். பிறகு யாரோ கண்வைத்த நாவூறு என்று முடிவு கட்டி, லொறிக்கு முன்னும் பின்னும் தேசிக்காய் கட்டினார். தயாபரன் வீட்டுக்கு வந்தால், நட்டுக் கழற்றுகிற சாவி கீவி வைத்திருக்கிறாரா என்று அவருடைய கையைத்தான் முதலில் பார்த்தார்.

பாலத்தோரம் வலை காயப்போட்டிருந்த லியோன் சில்லை உருட்டிக்கொண்டு வந்தான்.

“தில்லை அண்ணை, உங்கட சில்லு என்ர வலையில பிடிபட்டது. இந்தக் கிழமை பட்டதில இதுதான் பெரிசு.”

“பகிடி விடாதையும் லியோன். ஆரோ கழட்டுறாங்கள்.”

லியோன் சில்லைப் படுக்கப்போட்டு உட்பக்கத்தை நகத்தால் கீறினான். நீலம் பாளமாக உரிந்தது.

“இது நான் தந்த வள்ளப் பெயின்ற் எல்லோ?”

“ஓம். உபயத்துக்கு முன்னம் வருசா வருசம் லொறிக்கு அடிக்கிறனான்தானே. இந்தமுறை நீர் முழு ரின்னாத் தந்தீர். காய்ஞ்சு வீணாப்போகுமெண்டு சில்லுகளைக் கழட்டி உள்ளுக்கும் அஞ்சு பூச்சு அடிச்சனான்.”

“நட்டு இருக்கிற இடத்திலயும் அஞ்சோ?”

“அங்கை ஆறு.”

லியோன் சிரித்து முடிய மூன்று பஸ் போய்விட்டது.

“அண்ணை, சில்லு இரும்போட ஒட்டி இருக்கவேணும். உங்கடது பெயின்றில இருக்குது. ஓட ஓடப் பெயின்ற் நசிஞ்சு மெலியும். அது மெலிய நட்டு இளகும். நீங்கள் இறுக்க இறுக்க மிச்சப் பூச்சு நசியும். தேசிக்காய்க்கு இது விளங்காது.”

“உமக்கு எப்பிடி விளங்கினது?”

“என்ர வள்ளத்தில எஞ்சின் பூட்டுற இடத்துக்கும் இப்பிடி அடிச்சனான். எஞ்சின் இண்டைக்கும் நெடுந்தீவுக் கடலுக்குள்ள கிடக்குது.”

நட்டுப் பூட்டுகிற ஆணிகளில் வளைந்தவற்றை மாற்றவும் எல்லாச் சில்லுகளையும் சுரண்டவும் புதன் இரவாகிவிட்டது. சுரண்டிய நீலத்தை அள்ளியிருந்தால் இன்னொரு லொறிக்கு அடித்திருக்கலாம். ஐம்பது மைல் ஓடிவிட்டு இன்னொருதரம் இறுக்கவேண்டும் என்று லியோன் சொல்லியிருந்தான். தீவில் ஐம்பது மைல் லேசில் கிடைக்காது. அதற்கு முன் கடல் வந்துவிடும். ஆகவே வியாழன் முழுவதும் மண்கும்பானுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் வெறும் லொறியை ஓட்டினார். மண்கும்பான் நாய்கள் முதல்தரம் குரைத்தன, இரண்டாம்தரம் வாலாட்டின, மூன்றாம்தரம் ஏறிக்கொண்டன. பின்னேரம் இறுக்கியபோது நட்டுகள் கால் சுற்றுப் போயின. பிறகு அசையவில்லை.

வெள்ளி காலை கிடாரங்கள் லொறியிலேயே ஏறின. தயாபரனும், ஓர் உதவிக்கு என்று, வெறும் உழவு மெசினோடு பின்னால் வந்தார். பாலத்தில் தில்லைநாதன் நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது தயாபரன் ஆவலோடு இறங்கி ஓடிவந்தார்.

“என்ன அத்தான், திரும்பவும் நாவூறோ?”

முன்சீற்றிலிருந்து அம்பிகை எட்டிப் பார்த்தாள். தில்லைநாதன் கடலைப் பார்த்துச் சொன்னார்.

“நாவூறில்லை. பெயின்ற். நான்தான் அடிச்சது.”

“அப்ப ஒரு கிழமையா என்ர கையை ஏன் பாத்தனீங்கள்?”

“மோதிரம் வடிவாயிருந்தது.”

கிடாரங்கள் நேரத்துக்குப் படகேறின. அன்னதானம் முடிந்து வீடு திரும்பியதும் அம்பிகை முதல் வேலையாக லொறியிலிருந்த தேசிக்காய்களை அறுத்தெடுத்தாள். குசினி மூலையில் கிடந்த பெயின்ற் தூரிகையில் அவற்றை இறுக்கிக் கட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அந்த முடிச்சு மட்டும் இன்றுவரை இளகவில்லை.