‘தெரியவில்லை’ என்ற ஊதா நிறச் சொல்

அந்த மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிக்காக வீடுகளைப் பார்த்து விலை சொல்வது அலுவலகத்தின் தொழில். பார்த்ததை மறப்பது ஸ்டாம்பின் தொழில். அறிக்கையில் ‘பாதுகாப்புக் குறைபாடுகள்’ என்ற கட்டத்தில் ஒரு குத்துக் குத்தினால் ‘தெரியவில்லை’ என்று ஊதா நிறத்தில் விழும். கண்ணில் எதுவும் படவில்லையாக்கும் என்று வங்கி படித்துக்கொள்ளும். பின்னால் ஏதாவது ஆகிவிட்டால், ‘எங்களுக்குத் தெரியாதுன்னுதானே சொன்னோம்’ என்று அலுவலகம் படித்துக்காட்டும். தமிழின் வளத்தை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய புலவர் அண்மைக் காலத்தில் இல்லை.

அந்தப் புலவர்தான் மேனேஜர். எல்லோரும் ‘டேப்’ என்று கூப்பிடுகிற, எப்போதும் அளவு நாடாவும் கையுமாகத் திரிகிற புதுப் பெண்ணுக்கு அவர் சித்தப்பா. ஆனால் அலுவலகத்துக்குள் ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு ஆறு மாதம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

செவ்வாய்க்கிழமை டேப் ஒரு மாடி வீட்டை அளக்கப் போனாள். வாங்கப்போவது கைக்குழந்தையோடு ஒரு தம்பதி என்று கோப்பில் இருந்தது. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை எல்லாம் சரியாக இருந்தன. குளியலறைக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

சுவரில் கேஸ் கீசர் தொங்கியது. புகை வெளியே போகக் குழாய் இல்லை. மேலே வென்டிலேட்டர் இருந்த இடத்தில் மீன் படம் போட்ட டைல்ஸ் பளபளத்தது.

“குளிருதுன்னு நான்தான் அடைச்சேன். அழகா இல்ல?” என்றார் வீட்டுக்காரர்.

“மீன் அழகாத்தான் இருக்கு. கொஞ்சம் பத்த வைங்களேன்.”

பற்ற வைத்தார். சுடர் மஞ்சளாக ஆடியது. கீசருக்கு மேலே சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கரி.

“பதினொரு வருஷமா குளிக்கிறோம்மா. செத்தா போயிட்டோம்?”

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “எனக்குக் குளிச்சா தலை சுத்தும். அது பிரஷர்.”

“பாத்தீங்களா? பிரஷர்தான்” என்றார் வீட்டுக்காரர், வழக்கு முடிந்த நிம்மதியோடு.

டேப் படம் எடுத்துக்கொண்டாள். அலுவலகத்துக்கு வந்து அந்தக் கட்டத்தில் கையால் எழுதினாள்: ‘குளியலறைக்குள் கேஸ் கீசர். புகைக்குழாய் இல்லை. வென்டிலேட்டர் அடைக்கப்பட்டுள்ளது. சுவரில் கரி, சுடர் மஞ்சள்; கேஸ் சரியாக எரியாமல் நச்சுப்புகை தேங்கலாம். இதன் ஆபத்தை அளக்கும் தகுதி எனக்கில்லை. தகுதியுள்ளவர் சோதித்துச் சரிசெய்த பிறகே மேற்கண்ட விலை பொருந்தும்.’

மேனேஜர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

“நீ என்ன கீசர் மெக்கானிக்கா?”

“இல்ல சார். அதையும் எழுதியிருக்கேனே.”

“வீட்டுக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார். ‘வீடு பாக்க வந்தாளா, பொணம் பாக்க வந்தாளா’ன்னு கேக்கறார்.”

“பொணம் விழக் கூடாதுன்னு பாக்க வந்தாள்னு சொல்லுங்க.”

“வாய் மட்டும் குறைச்சலில்ல. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டு ஸ்டாம்பைக் குத்து. வெள்ளிக்கிழமை லெட்டரை வாங்கிக்க.”

“கண்ணால பாத்ததைத் தெரியலைன்னு குத்த மாட்டேன்.”

“அப்போ லெட்டர் கிடையாது.”

“சரி. நீங்க குத்துங்க. நீங்க அந்த வீட்டுப் பக்கமே போகல. உங்களுக்கு நிஜமாவே தெரியாது. கீழ உங்க கையெழுத்தையும் போடுங்க. நானும் எல்லார்கிட்டயும் சார்தான் போட்டார்னு சொல்றேன்.”

மேனேஜர் ஸ்டாம்பை எடுத்தார். மைப்பெட்டியில் ஒற்றினார். தாளுக்கு நாலு விரல் உயரத்தில் கை நின்றது. தட்டச்சுச் சத்தம் எல்லா மேஜையிலும் ஓய்ந்தது.

“குத்துங்க சித்தப்பா” என்றாள் டேப்.

சட்டம் உடைந்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டு, “மை காஞ்சிருக்கு” என்றார். கை, சட்டை, மேஜை மூன்றிலும் ஊதா வழிந்துகொண்டிருந்தது.

அவள் அந்தத் தாளை அப்படியே வங்கிக்கு அனுப்பினாள். அவர் தடுக்கவில்லை. “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வேற வேலை தேடிக்க” என்று மட்டும் சுவரிடம் சொன்னார்.

வியாழக்கிழமை வங்கி அதிகாரி அழைத்தார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார், அவள் திட்டு வாங்குவதை நாலு பேர் கேட்கட்டும் என்று.

“கீசரைச் சரிபண்ணிச் சான்றிதழ் வர்ற வரைக்கும் அந்தக் கடனை நிறுத்தி வச்சிருக்கோம். நல்ல அறிக்கை. ஆனா ஒரு சந்தேகம் சார். இதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்லேருந்து வந்த இருநூத்திப் பதினாறு அறிக்கையிலயும் ‘தெரியவில்லை’ன்னு இருக்கு. அது ஆபத்து இல்லைங்கற தெரியவில்லையா, போய்ப் பாக்கலைங்கற தெரியவில்லையா?”

வாழ்நாளில் முதல்முறையாக மேனேஜருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டேப் போனருகே குனிந்தாள். “எல்லா வீட்டுக்கும் மறுபடி போய்ப் பாத்துட்டு எழுதித் தர்றோம் சார்.”

இணைப்பு அறுந்ததும் அவர் சீறினார். “இருநூத்திப் பதினாறு வீடு! யாருடி போறது?”

“இன்னைக்கு இருந்து நாளைக்குப் போறவளால முடியாது சித்தப்பா” என்றாள் டேப், முதல் கோப்பின் தூசியைத் தட்டிக்கொண்டே. “நிரந்தரமா ஒரு ஆள் வேணும்.”